சதுரங்கமும் தாமலசெருவுக் கணவாயும்

மேனாட்டு நகரங்கள் பலவற்றில் மாலை வேளைகளில் ஒரு விசித்திரமான கூட்டம் கூடுவதுண்டு. அகன்ற மேசைமீது பச்சைத் துணி விரித்து, அட்டையாலும் சாந்தாலும் குன்றுகளும் ஓடைகளும் அமைத்து, ஓர் அங்குல உயரமே உள்ள உலோக வீரர்களை அணியணியாக நிறுத்துவார்கள். ஒவ்வொரு வீரனுக்கும் சட்டை, தலைப்பாகை, துப்பாக்கி வார் முதலியவற்றை மெல்லிய தூரிகையால் வண்ணமிட்டவர்களும் அவர்களே. அளவுகோலால் தூரம் அளந்து படையை நகர்த்துவார்கள். பகடை உருட்டிச் சேதம் கணிப்பார்கள். வாட்டர்லூப் போர் மீண்டும் ஒருமுறை நடந்து முடியும். நெப்போலியனே வென்றாலும் வெல்லலாம்.

இஃது ஏதோ அயல்நாட்டுப் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இதன் வேர் நம் நாட்டில் இருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையையும் எட்டுக்கு எட்டுக் கட்டங்களுள் அடக்கிய சதுரங்கமே போரைப் பலகைமீது ஏற்றிய பழைய விளையாட்டு. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷரின் அவையை அணிசெய்த பாணபட்டர் தம் ஹர்ஷசரிதத்தில் அதனைக் குறிப்பிடுகிறார். 1030ஆம் ஆண்டை ஒட்டி இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனி, நால்வர் கூடிப் பகடை உருட்டி ஆடும் ஒருவகைச் சதுரங்கத்தை விவரிக்கிறார். எந்தக் காயை நகர்த்துவது என்பதைப் பகடையே தீர்மானிக்குமாம். ஆகவே, போர்விளையாட்டில் தற்செயலுக்கு இடம் தந்தது ஐரோப்பியரின் புதுமை என்று சொல்வதற்கில்லை.

இந்த விளையாட்டு பாரசீகம் சென்று, அரபு நாடுகளைக் கடந்து, ஐரோப்பா சேர்ந்த வழியில் படையின் உறுப்புகள் உருமாறின. நம்மிடையேயும் மாற்றம் நேர்ந்தது. ஏர்பேடு, காளஹஸ்தி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. ஒரே பலகையின்முன் அமர்ந்த இரு சிறுவர்களில், மூலைவிட்டமாகப் பாயும் காயைத் தமிழ்ப் பையன் 'மந்திரி' என்பான். தெலுங்குப் பையன் 'சகடு' என்பான். சகடு என்றால் வண்டி. பழைய தேரின் நினைவு அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெலுங்குப் பையனுக்கு மந்திரி என்பது நாம் ராணி என்று சொல்லும் காய். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவனுக்கு இத்தகைய இடங்களில் சற்று நின்றுவிட்டுத்தான் போகத் தோன்றும்.

எனினும் சதுரங்கத்தில் ஒரு பெருங்குறை உண்டு. அதில் மறைவு என்பதே இல்லை. எதிரியின் யானை எங்கே, குதிரை எங்கே என்பது எப்போதும் கண்முன் தெரிகிறது. மெய்யான போர்க்களத்தில் எந்தச் சேனாபதிக்கும் அந்தப் பாக்கியம் கிட்டியதில்லை.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி ஜெர்மன் நாட்டில் நிகழ்ந்தது. 1780ஆம் ஆண்டில் பிரன்ஸ்விக் நகரத்து ஹெல்விக் என்பவர் சதுரங்கக் கட்டங்களைப் பெருக்கி, அவற்றில் மலை, ஆறு, சதுப்பு நிலம் ஆகியவற்றை வண்ணத்தால் காட்டி ஒரு விளையாட்டை வெளியிட்டார். (அதே ஆண்டில்தான் காஞ்சிக்கு அருகே பொள்ளிலூரில் பெய்லியின் படையை ஹைதரலி நிர்மூலமாக்கினார்.) பின்னர், பிரஷ்யப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் 1824இல் கட்டங்களையே துறந்தார். எண்ணாயிரத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்த நிலப்படத்தின்மீது சிவப்பும் நீலமுமான கட்டைகளை நகர்த்தச் செய்தார். ஒரு முறை என்பது இரண்டு நிமிட நேரம். யாவற்றிலும் முக்கியமானது, நடுவர் ஒருவரை அமர்த்தியது. இரு தரப்பாரும் தங்கள் ஆணைகளை நடுவரிடமே கொடுப்பார்கள். எவர் கண்ணுக்கு எது தெரியக்கூடுமோ அதை மட்டும் நடுவர் அவருக்குக் காட்டுவார்.

இதன் அருமையை விளக்க வெளிநாட்டுப் போர் எதுவும் வேண்டியதில்லை. ஏர்பேட்டில் ரயிலேறி, ரேணிகுண்டா, திருப்பதி, சந்திரகிரி ஆகியவற்றைக் கடந்து பாகாலா சேர்ந்தால், அதன் அருகே இருக்கிறது தாமலசெருவு. தெலுங்கில் 'செருவு' என்றால் ஏரி. தமிழில் 'செரு' என்றாலோ போர். மொழி செய்த இந்தக் குறும்பை வரலாறும் மெய்ப்பித்துவிட்டது.

1740ஆம் ஆண்டு மே மாதம். ஆர்க்காட்டு நவாப் தோஸ்து அலிகானின் நாட்டின்மீது ரகோஜி போன்ஸ்லேயின் தலைமையில் மராத்தியர் பெருங்குதிரைப்படையுடன் வந்துகொண்டிருந்தனர். நவாபின் படையில் பெரும்பகுதி, மகன் சப்தர் அலியுடனும் மருமகன் சந்தா சாகிப்புடனும் தெற்கே இருந்தது. கையிலிருந்த நாலாயிரம் குதிரை வீரர்களையும் ஆறாயிரம் காலாட்களையும் திரட்டிக்கொண்டு நவாப் தாமலசெருவுக் கணவாயை அடைத்து நின்றார். கணவாய் குறுகலானது, சிறுபடையும் பெரும்படையை மறித்து நிற்கத்தக்க இடம். அவரது கணக்கில் பிழை இருந்ததாகத் தோன்றவில்லை.

ஆனால் மலைக்கு வேறொரு வழியும் இருந்தது. அதைக் காக்க நவாப் வைத்திருந்த அதிகாரியே மராத்தியருக்கு வழி விட்டுவிட்டார் என்று, சில ஆண்டுகளுக்குப்பின் இவ்வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம் கூறுகிறார். ஒரு பகுதிப் படையைக் கணவாயின் எதிரே பாசாங்கு காட்ட நிறுத்திவிட்டு, மற்றவர்கள் சுற்றிக்கொண்டு பின்புறம் வந்தனர். பின்னால் குதிரைகள் வருகின்றன என்ற செய்தி நவாபுக்கு எட்டியது. தம் மகன் சப்தர் அலிதான் உதவிக்கு வந்துவிட்டான் என்று அவர் நம்பினார். உண்மை தெரிந்தபோது திரும்பி நின்று போரிட்டார். தோஸ்து அலியும், உடனிருந்த மற்றொரு மகன் ஹசன் அலியும் களத்தில் மாண்டனர். சப்தர் அலி வேலூரிலேயே நின்றுவிட்டார். நவாபின் குடும்பத்தினர் புதுச்சேரிக்கு ஓடி, கவர்னர் தூமாவிடம் அடைக்கலம் புகுந்தனர். அடுத்த ஆண்டில் திருச்சிராப்பள்ளியும் மராத்தியர் வசமாயிற்று. சந்தா சாகிப் சிறைப்பட்டார். கர்நாடகத்தின் பின்வந்த குழப்பங்களுக்கெல்லாம் வாயில் திறந்தது இந்தக் கணவாயில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இதைச் சதுரங்கப் பலகையில் ஆடிக் காட்ட இயலுமா? பின்னால் வரும் குதிரை எந்த நிறம் என்பது முதலிலேயே தெரிந்துவிடும். அதன்பின் ஆட்டம் ஏது!

மேசைப்போர் ஆடும் கழகத்தார் எவரேனும் தாமலசெருவை அமைக்க விரும்பினால், அவர்களுக்கு முதல் தொல்லை தூரிகையிலேயே தொடங்கும். வாட்டர்லூ வீரனுக்குச் சீருடை உண்டு. எந்தப் படைப்பிரிவுக்குக் கழுத்துப்பட்டை என்ன நிறம் என்பதற்கெல்லாம் நூல்கள் உண்டு. 1740இல் நவாபின் குதிரை வீரன் தன் குதிரையோடும் தன் உடையோடும் வேலைக்கு வந்தவன். நூறு பேருக்கும் ஒரே சாயம் பூசினால் அது பொய்யாகிவிடும். மராத்தியர் கூடாரமும் கனத்த பீரங்கியும் சுமக்காமல் விரைந்தவர்கள். அவர்களை அலங்கார அணிவகுப்பாகக் காட்டுவதும் பிழையே. ஒரு சிறு பொம்மைக்கு வண்ணமிட வேண்டியவன், அவன் எவ்விதம் சம்பளம் பெற்றான் என்பதுவரை அறிந்தாக வேண்டியிருக்கிறது.

கைத்திறனுக்கோ இப்பகுதியில் பஞ்சமில்லை. திருப்பதிப் பக்கத்தில் செம்மரத்தில் செதுக்கும் மரப்பாச்சிகள் தமிழர் கொலுப்படிகளில் தலைமுறைகளாக நிற்கின்றன. வடக்கே கொண்டபள்ளியில் கனமற்ற மரத்தைச் செதுக்கி, மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் கலந்து உறுப்புகளை ஒட்டி, வெண்பூச்சின்மேல் வண்ணம் தீட்டி, அம்பாரி யானை செய்கிறார்கள். உலோக வீரனுக்கும் முதலில் ஓர் அடிப்பூச்சு, பின் வண்ணங்கள், அதன்பின் மடிப்புகளில் இறங்கித் தங்கும் நீர்த்த கருஞ்சாயம், கடைசியில் மேடான இடங்களில் வெளிர்நிறத் தீற்று என்றுதான் முறை. நம் வீட்டுப் பெண்மணிகள் கொலுவின் அருகே மண் பரப்பிக் கேழ்வரகை முளைக்கவைத்து வயலாக்குவதும், கண்ணாடியைக் கிடத்திக் குளமாக்குவதும், மேனாட்டான் மேசைமீது செய்யும் வேலையேதான்.

மாண்டவர்களை வைத்து விளையாடலாமா என்று கேட்போர் உண்டு. கேட்கத்தக்க கேள்விதான். ஆங்கில நாவலாசிரியர் வெல்ஸ் 1913இல் பொம்மை வீரர்களைக்கொண்டு ஆடும் போருக்கு விதிகள் வகுத்து 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலை வெளியிட்டார். மெய்ப்போரின் மடமையை இச்சிறு போர் உணர்த்தும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. ஆகவே, உணர்த்தியது போதவில்லை என்றுதான் கொள்ளவேண்டும். எனினும், போரை வெற்றிப் பட்டியலாகப் படிப்பவனைவிட, நவாபின் இடத்தில் கால்மணி நேரம் அமர்ந்தவன் நிதானமாகப் பேசுவான் என்பது என் எண்ணம்.

அந்த ஆட்டம் இவ்வாறு நடக்கக்கூடும். நவாபாக ஆடுபவருக்குக் கணவாயின் முன்புறம் மட்டுமே தெரியும். மற்றொரு வழியைக் காப்பவனிடமிருந்து செய்தி எதுவும் வாராது. ஏழெட்டு முறைகள் கடந்தபின் நடுவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டுவார். 'பின்புறம் குதிரைப்படை வருகிறது' என்பதற்குமேல் அதில் ஒரு சொல்லும் இராது. தம் காலாட்களைத் திருப்பி நிறுத்தினால் முன்வாயில் திறந்துபோகும். நிறுத்தாவிட்டால், வருவது மகனாக இருக்கவேண்டும். இரண்டு நிமிடத்திற்குள் அவர் ஆணை எழுதித் தரவேண்டும்.