விருந்துக் கூடமும் ஓவியக் கூடமும்

என்னிடம் தமிழ் பயின்று இன்று சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றும் மாணவர் ஒருவர், ஊருக்கு வந்திருந்தபோது தம் நிறுவனத்தின் ஆண்டு விழாவைப் பற்றிச் சொன்னார். விழா நட்சத்திர விடுதியில் நடக்கவில்லை. ஓர் ஓவியக் கூடத்தை ஒரு மாலைப் பொழுதுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்களாம். “எல்லோரும் ஓவியங்களுக்கு முதுகைக் காட்டித்தான் படம் எடுத்துக்கொண்டோம், ஐயா” என்று சிரித்தார். விழா என்றால் கல்யாண மண்டபம், இல்லையேல் பள்ளித் திடல் என்றே சித்தையன்கோட்டையில் பழகிவிட்ட எனக்கு அது புதுமையாகத் தோன்றியது. எண்ணிப் பார்த்தபோது அதில் புதுமை ஏதுமில்லை என்பது புலனாயிற்று.

சென்னை நகரை எழுப்பியதே ஒரு வணிக நிறுவனம் அன்றோ? நம் முன்னோர் அதைக் ‘கும்பினி’ என்றனர். அதற்கும் விருந்துகள் தேவைப்பட்டன. எழும்பூரில் 1778இல் ஹால் பிளமர் என்னும் கும்பினி அலுவலருக்கு நிலம் வழங்கப்பட்டது. அவர் அங்கே ஒரு தோட்ட மாளிகை எழுப்பினார். 1793இல் அவ்விடம் நகரின் பொதுக் கேளிக்கைகளை நடத்திவந்த இருபத்து நால்வர் குழுவிடம் சென்றது. அதுவே ‘பாந்தியன்’. 1821இல் அதை மூரத் என்னும் ஆர்மீனிய வணிகர் வாங்கினார்; 1830இல் அரசு அவரிடமிருந்து திரும்பப் பெற்றது. 1851இல் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகம் 1854இல் அங்கே குடியேறியது. இன்று அமராவதிச் சிற்பங்களையும் சோழர் செப்புத் திருமேனிகளையும் காண நாம் செல்லும் வளாகம், ஒரு காலத்தில் கும்பினியார் கூடிக் களித்த இடம்.

கோட்டைக்குள்ளும் இதே கதைதான். 1795இல் கட்டி முடிக்கப்பெற்ற ஒரு கட்டடத்தின் மேல்மாடிக் கூடத்தில் வணிகர் கூடினர். பொதுக்கூட்டங்களும் பரிசுச்சீட்டுக் குலுக்கல்களும் கேளிக்கைகளும் நடந்தன. 1948 முதல் அக்கட்டடம் கோட்டை அருங்காட்சியகம்; மேல்மாடியில் இன்று உருவ ஓவியங்கள் தொங்குகின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலாக நிற்பது இன்றைய ராஜாஜி மண்டபம். திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்த வெற்றியைக் கொண்டாட ஆளுநர் எட்வர்ட் கிளைவ் காலத்தில், வானியல் அறிஞர் கோல்டிங்காம் வரைந்த திட்டப்படி எழுந்த விருந்து மண்டபம் அது. அதன் சுவர்களை ஆளுநர்கள், படைத்தலைவர்களின் உருவ ஓவியங்கள் அலங்கரித்தன. அவை விருந்தினர் நின்று சுவைப்பதற்காக மாட்டப்பட்டவை அல்ல. விருந்தளிப்பவரின் வலிமையை விருந்தினருக்கு உணர்த்த மாட்டப்பட்டவை. ஓவியம் அங்கே கலையாக இல்லை, பின்புலமாக இருந்தது. மாணவர் சொன்ன ‘முதுகு காட்டல்’ அங்கேயே தொடங்கிவிட்டது எனலாம். பின்னாளில் அண்ணா முதல் கலைஞர் வரை தலைவர்களின் உடல்கள் அதே மண்டபத்தில் வைக்கப்பட்டபோது, எளிய மக்கள் வரிசையாக நின்று அஞ்சலி செலுத்தினர் என்பதும் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இதற்கு முற்றிலும் மாறான ஒரு காட்சியை நம் சங்க இலக்கியம் வைத்திருக்கிறது. பரிபாடலின் பத்தொன்பதாம் பாடலில் நப்பண்ணனார் திருப்பரங்குன்றத்து ‘எழுத்துநிலை மண்டபத்தை’ நமக்குக் காட்டுகிறார். எழுத்து என்பது அங்கே ஓவியம். மலைக்கு வந்த பெண்கள் ஓவியத்தைச் சுட்டி ‘இவர் யார்’ என வினவ, உடன் வந்தோர் இவள் இரதி, இவன் காமன் என விடை கூறுகின்றனர். அகலிகை கல்லான கதையும் அங்கே சுட்டிக் காட்டப்படுகிறது. அதுவும் கூட்டம்தான், அதுவும் விழாப்பொழுதுதான். ஆயினும் முகங்கள் ஓவியத்தை நோக்கியிருந்தன.

கூடங்களை வாடகைக்கு விடுவதே தவறு என்று நான் கூறவரவில்லை. நுழைவுக் கட்டணத்தை மட்டும் நம்பி ஒரு கலைக்கூடம் வாழ இயலாது. ஈரப்பதத்தையும் ஒளியையும் அளவோடு வைத்திருக்கவே பெரும்பொருள் வேண்டும். முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவும் நிறுவன நிகழ்ச்சிகளுக்கு இடம் தருகிறது. உணவின் ஆவியும் விளக்கின் வெப்பமும் ஓவியத்தை அண்டாமல் காத்தால், வாடகைப் பணம் கலைக்கு உரமே.

என் மாணவரும் இதைத்தான் வேறு விதமாகச் சொன்னார்: “அந்த விழா இல்லையென்றால் நான் அந்த வாசலையே மிதித்திருக்க மாட்டேன், ஐயா. அடுத்த வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒவ்வொரு படத்துக்கும் ‘இது என்னப்பா’ என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். எனக்குத்தான் ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை.”

பரங்குன்றத்தில் கேட்ட அதே வினா! விடை கூறத்தான் ஆளில்லை. கூடத்தை வாடகைக்கு எடுக்கும் நிறுவனங்கள் விருந்துக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, ஓவியம் அறிந்த ஒருவரைப் பேச அழைக்கலாகாதா? கும்பினிக்குத் தோன்றாத அந்த எண்ணம் இவர்களுக்கேனும் தோன்றட்டும்.