62,000 பக்கமும் ரெண்டு பேரும்

திங்க் டேங்க்னு யாராவது சொன்னா எனக்கு முதல்ல மொட்டைமாடித் தண்ணி டேங்க்தான் ஞாபகம் வரும் :-) தமிழ்ல 'சிந்தனைக் குழாம்'னு அழகா சொல்றாங்க. அரசாங்கமோ வேற யாரோ காசு கொடுப்பாங்க. இவங்க படிச்சு, விசாரிச்சு, கணக்குப் போட்டு, 'இதைச் செய்யலாம், அதைச் செய்யாதீங்க'ன்னு அறிக்கை எழுதுவாங்க.

சரி, காசு கொடுக்கறவருக்குப் பிடிக்காத பதில் வந்துட்டா? அங்கே வேலை பார்க்கிற மனுஷங்க என்ன பண்ணுவாங்க? இதுக்கு எனக்குத் தெரிஞ்ச சிறந்த உதாரணம் வியட்நாம் போர்க் காலத்து ரேண்ட் நிறுவனம்.

ரேண்ட், 1946ல் டக்ளஸ் விமானக் கம்பெனிக்குள்ளே, அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவுக்காக ஆரம்பிச்ச ஒரு திட்டம். 1948ல் லாப நோக்கில்லாத தனி நிறுவனம் ஆச்சு. இடம் கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா, கடற்கரை ஓரம். கணித மேதைகள், பொருளாதாரக்காரர்கள், இயற்பியல்காரர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே.

1964ல் பென்டகனுக்கு ஒரு சந்தேகம். இந்த வியட்காங் ஆட்கள் யாரு? எதுக்காக இப்படி உயிரைக் கொடுத்துச் சண்டை போடறாங்க? கண்டுபிடிக்கச் சொல்லி ரேண்டை அனுப்பினாங்க. ஜோசப் ஜாஸ்லாஃப், ஜான் டானெல் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் சைகோன் போனாங்க. கைதிகள், சரணடைஞ்சவங்க எல்லாரையும் உட்கார வெச்சுப் பேச ஆரம்பிச்சாங்க. 1964லேர்ந்து 1968 முடிய சுமார் 2,400 பேட்டிகள், சுமார் 62,000 பக்கங்கள்!

எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டதில் பெரும்பங்கு உள்ளூர் வியட்நாமிய இளைஞர்களுக்கு. அவங்கள்ல ஒருத்தர் மாய் எலியட். அப்பா பிரெஞ்சு ஆட்சியில் பெரிய அதிகாரி, ஆனா சொந்த அக்கா புரட்சிக்காரங்க பக்கம் போனவர். முதல் கைதியைப் பார்க்கப் போறப்ப ஒரு முரடனை எதிர்பார்த்துப் போனாராம். எதிரே இருந்ததோ கொள்கைப் பிடிப்புள்ள ஒரு மனுஷர். அது தன்னை உலுக்கிடுச்சுன்னு பின்னாளில் சொல்லியிருக்கார்.

ஜாஸ்லாஃபும் டானெலும் கொடுத்த முதல் அறிக்கையின் சாரமும் அதுதான். இவங்க கூலிக்குச் சண்டை போடறவங்க இல்லை, நியாயத்துக்குப் போராடறதா நம்பறாங்க, சுலபத்தில் உடைய மாட்டாங்க. பென்டகன் கேட்டுக்கிச்சு. ஆனாலும் 1965ல் போர் பெரிசாச்சு, வடக்கே தொடர்ந்து குண்டு வீச ஆரம்பிச்சாங்க.

அந்த நேரத்தில் திட்டம் லியோன் கூரே கைக்கு வந்தது. மாஸ்கோவில் பிறந்து, குடும்பத்தோட பெர்லின், பாரிஸ்னு ஓடி அமெரிக்கா வந்தவர். அவர் பேட்டிகளைப் படிச்சுச் சொன்னது: குண்டுவீச்சு வேலை செய்யுது, எதிரியின் மனவுறுதி சரியுது. மேலிடத்துக்குக் கேட்கக் கேட்க இனிக்காதா? தளபதிகளும் அமைச்சர்களும் அவரைக் கூப்பிட்டு வெச்சுக் கேட்டாங்க.

அதே காகிதக் கட்டை சான்டா மோனிகாவில் இன்னொருத்தர் படிச்சுக்கிட்டிருந்தார். கோன்ராட் கெல்லன். இவரும் அகதிதான், ஹிட்லர் வந்தப்போ பெர்லினை விட்டுக் கிளம்பினவர். எழுத்தாளர் தாமஸ் மன்னுக்குக் கொஞ்ச காலம் செயலாளரா இருந்தவர்.

கெல்லன் கவனிச்ச ஒரு பேட்டி இருக்கு. பிடிபட்ட ஒரு வியட்காங் கேப்டன்கிட்ட 'உங்களால ஜெயிக்க முடியுமா?'ன்னு கேட்டிருக்காங்க. 'முடியாது'ன்னார். அத்தோட மூடி வெச்சா, 'ஆஹா, மனசு விட்டுட்டான்'னு அறிக்கை எழுதிடலாம். ஆனா சில பக்கங்கள் தள்ளி இன்னொரு கேள்வி. 'சரி, அமெரிக்காவால ஜெயிக்க முடியுமா?' அதுக்கும் 'முடியாது'ன்னுதான் பதில்.

ரெண்டாவது பதில் முதல் பதிலோட அர்த்தத்தையே மாத்திடுது பாருங்க. வெற்றி தோல்விக் கணக்கே போடாம சண்டை போடறவனை எந்தக் குண்டு போட்டு உடைக்கிறது? கெல்லன் இதை எழுதினார், திரும்பத் திரும்பச் சொன்னார். மேலிடம் காது கொடுக்கலை. உள்ளேயிருந்து எத்தனையோ ஆட்சேபம் வந்தும் 1967லதான் கூரே அந்தத் திட்டத்திலிருந்து விலக்கப்பட்டார்.

1969 அக்டோபரில் கெல்லன் உட்பட ஆறு ரேண்ட் ஆய்வாளர்கள், அமெரிக்கா வியட்நாமை விட்டு வெளியேறணும்னு பத்திரிகைக்குப் பகிரங்கமா கடிதம் எழுதினாங்க. சம்பளம் கொடுக்கிற இடத்துக்கு எதிரா கையெழுத்து! அந்த ஆறு பேரில் ஒருத்தர் டேனியல் எல்ஸ்பெர்க். அதே மாசம் அவர், பேட்டித் திட்டத்தில் வேலை பார்த்த டோனி ருஸ்ஸோவையும் சேர்த்துக்கிட்டு, ரேண்டில் இருந்த 7,000 பக்க ரகசிய வரலாற்றை ராத்திரி ராத்திரியா நகலெடுக்க ஆரம்பிச்சார். பதிமூணு வயசுப் பையனும் உதவி. அதுதான் 1971 ஜூன் 13 முதல் நியூயார்க் டைம்ஸில் வந்த 'பென்டகன் பேப்பர்ஸ்'. வழக்கு 1973 மே மாசம் தள்ளுபடி ஆச்சு. போர் முடிய 1975 ஏப்ரல் வரைக்கும் ஆச்சு.

எல்லாரும் எல்ஸ்பெர்க்கைத்தான் நினைவு வெச்சிருக்கோம். எனக்கென்னவோ கெல்லன் மேலதான் மரியாதை அதிகம். அவர் எதையும் வெளியே கடத்தலை. கட்டை முழுசாப் படிச்சார், படிச்சதைச் சொன்னார். கூரே பொய் சொன்னார்னும் நான் சொல்ல மாட்டேன். அவர் நம்பித்தான் சொல்லியிருப்பார். பயமே அங்கதான். வேணுங்கற பதில் கிடைச்ச பக்கத்தோட நம்ம கண்ணு நின்னுடுது.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதறேன்னா, முன்னே ஒரு ஆபீஸில் மாசாமாசம் வாடிக்கையாளர் கருத்து அறிக்கை போடறது என் வேலை. 'முதல் பக்கத்துல நல்லதா நாலு வரி இருக்கட்டும்ப்பா'ன்னு மேலதிகாரி சொன்னார். புகாரையெல்லாம் பதினோராம் பக்கத்துக்குத் தள்ளினேன். யாரும் பதினோராம் பக்கம் வரைக்கும் போகலை. போக மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும்.

பொய் ஒரு வரிகூட எழுதலை. ஆனாலும் அந்தக் கேப்டனோட ரெண்டாவது பதிலைப் படிச்சப்போ முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்தது.