சபை மூப்பரும் பொதுக் கணக்கும்

நம் சமூகத்தாருள் கிறிஸ்து மதத்தைத் தழுவியோர் பலர்; தழுவாதோரும் பலர். இரு திறத்தாரும் ஒரே கரையில் ஒரே தொழிலால் வாழ்ந்து வந்தமையின், கோயில் வேறாயினும் ஊர்ப் பரிபாலன முறை பெரிதும் ஒத்தே இருந்தது. ஆதலின், கிறிஸ்தவ சபையில் மூப்பர் என்போர் யாவர், அவரைத் தெரிந்தெடுக்கும் முறை யாது என்னும் விசாரணை ஒரு மதத்தார்க்கு மட்டும் உரியதன்று. பொதுப்பணம் எங்குளதோ அங்கெல்லாம் இவ்வினா உளது. சரித்திரத்தைத் துணையாகக் கொண்டு இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மூலக்கொத்தளம் என்னும் நம் பேட்டையின் பெயரே பழைய சென்னையின் மதிலை நினைப்பூட்டுவது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பகைவர் படையெழுச்சிக்கு அஞ்சிக் கும்பினியார் கறுப்பர் பட்டினத்தைச் சூழ எழுப்பிய மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே இவ்விடத்துக்குப் பெயராயிற்று. இங்கிருந்து கடலை நோக்கிச் செல்வோர் இராயபுரத்தை அடைவர். இராயப்பர் என்பது அப்போஸ்தலராகிய பேதுருவுக்குக் கத்தோலிக்கர் வழங்கிய தமிழ்ப் பெயர். அவர் பெயரால் அங்கே விளங்கும் கோயில் 1829-ஆம் ஆண்டில் கட்டி முடிந்தது. அதனைக் கட்டினோர் கும்பினியாரல்லர், பிறநாட்டுப் பிரபுக்களுமல்லர். அலைவாயில் படகோட்டிப் பிழைத்த கிறிஸ்தவர்களே.

அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. அதற்கு அடிக்கல் நாட்டியதே 1875-இல்தான். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளே ஆளையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்த்தன. அவ்வாறு உயிரைப் பணயம் வைத்து உழைத்தோர் ஈட்டிய பொருளிலிருந்து சேர்ந்த பொதுத்தனமே கல்லும் சுண்ணாம்புமாகிக் கோயிலாயிற்று. கொடுத்தவர் பலர், வைத்துக் காத்தவர் சிலர். பலருடைய பொருளைச் சிலர் காக்கும்போது, அச்சிலரை யார் நியமிப்பது, அவர் யாருக்குக் கணக்குச் சொல்வது என்னும் கேள்வி உடன் பிறந்துவிடுகின்றது.

நம் கடற்கரையில் இதற்குக் கிடைத்த முதல் விடை பிறப்புரிமை என்பதே. தென்பாண்டி முத்துக்குளித்துறையில் பரதவர் 1535-ஆம் ஆண்டை ஒட்டித் திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். 1542-இல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் புதிய அதிகாரிகளைப் படைக்கவில்லை. ஊர்த்தலைவராகிய பட்டங்கட்டிகளோடு ஒத்துழைத்தும், வேண்டியவிடத்து அவரைக் கடிந்தும், தாம் இல்லாத ஊர்களில் செபம் கற்பிக்கவும் கோயிற் காரியம் பார்க்கவும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தும் சபையை நடத்தினார். பட்டங்கட்டிகளுக்கு மேலே சாதித்தலைவர் இருந்தார். போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என ஆட்சி மாறியும் தலைவர் பதவி மாறவில்லை. தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கு 1806-இல் பொன்தேர் செய்தளித்தவரும் அக்குலத் தலைவரே. குருமார் அருகிய காலங்களில் சபை சிதறாமல் நின்றதற்கு இத்தலைமை பெருந்துணையாயிற்று. இதனை மறுப்பது நன்றிமறத்தலாகும்.

ஆயினும், வாணிகத்தால் செல்வம் பெற்றோரும் கடலில் உழைப்போரும் மேசைக்காரர், கம்மாரக்காரர் எனப் பிரிந்தபோது, தலைவரின் உரிமைகளே வழக்குக்குக் காரணமாயின. பிறப்பினால் வந்த தலைமை, ஊர் ஒன்றாயிருந்தவரை தாங்கிற்று. ஊர் இரண்டானபின் இருசாராருக்கும் பொதுவாக நிற்க அதற்கு இயலவில்லை.

இனி, வேதாகமம் கூறுவது யாதெனப் பார்ப்போம். மூப்பர் என்று தமிழில் பெயர்க்கப்பட்ட கிரேக்கச் சொல் வயதில் முதிர்ந்தவரையே முதலில் குறித்தது. பின்னர்ச் சபைப் பொறுப்பாளர்க்குப் பெயராயிற்று. எருசலேம் சபையில் எழுந்த முதல் உட்பூசல் சோற்றைப் பற்றியது. கிரேக்கமொழி பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் புறக்கணிக்கப்பட்டனர் என்பதே முறையீடு. அப்போது அப்போஸ்தலர் ஏழுபேரைத் தாமே தெரிந்தெடுக்கவில்லை. நற்சாட்சி பெற்றவரைத் தெரிந்துகொள்ளுமாறு சபையாரிடமே விட்டு, பின்னர்த் தம் கைகளை அவர்மேல் வைத்தனர். தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில் கண்காணிக்கு வேண்டிய இலக்கணங்களுள் பண ஆசையின்மையும் ஒன்று. குலமும் செல்வமும் அப்பட்டியலில் இல்லை.

இம்முறை நம் நாட்டுக்கு அந்நியமானதன்று. உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளில், குடவோலை முறையை வகுத்துரைக்கின்றன. அச்சபை நிலமும் வேதக்கல்வியும் உடைய அந்தணர்க்கே உரியதாதலால் அதனை முழுதும் போற்றுதற்கில்லை. எனினும் அதில் ஒரு விதி பொன்னேபோல் போற்றத்தக்கது: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் உறவினர் பெயரும் குடத்தில் இடப்படலாகாது. ஆயிரத்து நூறாண்டுகளுக்கு முன்பே நம் முன்னோர் அறிந்திருந்த உண்மையை நாம் மறந்தோம்.

மூப்பர் தம் சாதிக்கு மூப்பரா, சபைக்கு மூப்பரா என்பது அடுத்த வினா. வடக்கன்குளத்துக் கோயிலில் ஒரு சாதியார் மறு சாதியாரினின்று பிரிந்து தொழச் சுவர் இருந்தது. அது நீக்கப்பட்டபோது, தமக்கெனத் தனியிடம் வழக்கத்தால் வந்த உரிமை என்று ஒருசாரார் நீதிமன்றம் புகுந்தனர். 1910-களில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்கவில்லை. சாதிச் சங்கத்தின் பத்திரிகையிலேயே இதனை எழுதுகின்றோம் என்பதை நாம் மறக்கவில்லை. சங்கம் நம்மவர்க்குக் கல்வியும் தொழிலும் தேடட்டும். கோயிலில் மூப்பராய் அமர்வோர் வாயிலுள் நுழையும் எவர்க்கும் மூப்பரே.

தெரிந்தெடுக்கும் முறைக்கு அண்மைக் காலச் சான்றும் நம் வடசென்னையிலேயே உண்டு. 1837-இல் சென்னைக்கு வந்த ஜான் ஆண்டர்சன் முதலான ஸ்காத்லாந்து மிஷனாரிகளின் திருச்சபை, பிரஸ்பிட்டேரியன் எனப்படுவது; அதாவது மூப்பரால் ஆளப்படுவது. அம்மிஷனைச் சேர்ந்த மெட்டில்டா மக்பேல் அம்மையார் இராயபுரத்தில் தொடங்கிய வைத்தியத் தொண்டே ரெய்னி ஆஸ்பத்திரியாய் வளர்ந்தது. அச்சபை ஒழுங்கில் போதகர் தனித்து ஆளார். சபையாரின் சம்மதம் பெற்ற மூப்பரோடு கூடியிருந்தே முடிவு செய்வார். 1908-இல் தென்னிந்திய ஐக்கிய சபையும், 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையும் உருவானபோது இம்மரபு அவற்றுள் கலந்தது. கத்தோலிக்கரிடையேயும், 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் பங்குதோறும் நிதிக்குழு இருத்தல் வேண்டுமென்று விதித்தது. பங்குப் பேரவையோ ஆலோசனை கூறும் அளவில் நிற்பது.

மற்றொன்று. கரையில் மீனைக் காசாக்கி, கடனையும் வட்டியையும் மனக்கணக்காய் வைத்துக் குடும்பத்தை நடத்துவோர் நம் பெண்மக்கள். ஸ்காத்லாந்து சபை 1966-இல் பெண்களையும் மூப்பராக ஏற்றது. நம் ஊர்க் கூட்டங்களில் அவர் இன்னும் பின்வரிசையில் நிற்பதற்கு நாம் என்ன நியாயம் சொல்வோம்?

நாம் அறிந்த ஒரு சபையில் நிகழ்ந்ததைக் கூறி முடிப்போம். நெடுங்காலம் பொதுப்பணம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் காலமானார். கணக்கேட்டைத் தேடினர், அகப்படவில்லை. அவர் திருடினாரென்று எவரும் கூறார், நாமும் கூறோம். அவர் உயிரோடிருந்தபோது கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவென்று எண்ணி அனைவரும் வாளாவிருந்தோம். இன்று அவர் மக்கள் தலைகுனிந்து நடக்கின்றனர். நேர்மையுடையார் ஒருவரின் பெயரை மாசுபடுத்தியது நம்முடைய மரியாதையே!

தண்டேலின் மகன் என்பதற்காக அலை அறியாதவனிடம் படகை ஒப்புவிக்க நம் முன்னோர் துணிந்திலர். கோயிலையும் அவ்வாறே கருதல் வேண்டும். சபையார் கூடித் தெரிந்தெடுத்தல், பதவிக்குக் கால வரையறை, ஆண்டுதோறும் கணக்கைச் சபைமுன் வாசித்தல், கணக்குக் காட்டாதாரை மறுமுறை நியமியாமை ஆகிய இந்நான்கும் மூப்பரை அவமதிப்பன அல்ல, அவரைக் காப்பன. வருகின்ற ஆண்டுக் கூட்டத்தில் முதற்கேள்வியை அன்பர்கள் அஞ்சாது கேட்பார்களாக.