வீட்டுப்பாடம்

வகுப்பில் நடத்திய பாடத்தையொட்டி ஆசிரியர் கொடுத்தனுப்ப, மாணவர் பள்ளி நேரம் முடிந்தபின் வீட்டில் செய்துவரும் வேலை வீட்டுப்பாடம். பேச்சுவழக்கில் ஹோம்ஒர்க். கணக்குப் போடுவது, வாய்ப்பாடு ஒப்பிக்கப் படிப்பது, கேள்விபதில் எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். தண்டனையாக எழுதச்சொல்லும் இம்போசிஷன் இதில் சேராது. ஒரு விஷயத்தை முன்கூட்டியே அலசிப் பார்த்துவிட்டுப் பேச வருபவரையும் ‘ஹோம்ஒர்க் செய்துவிட்டு வந்திருக்கிறார்’ என்பார்கள்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இதற்கு எளிய வடிவம் ஒன்று இருந்தது. மாலையில் பிள்ளைகளை அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். உ.வே.சாமிநாதையர் இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார். நோட்டும் இல்லை, பெற்றோரின் உதவியும் தேவையில்லை. நினைவுக்கு மட்டுமே பயிற்சி. இன்றைய தொடக்க வகுப்புகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறையவே இருக்கிறது.

வீட்டுப்பாடத்தால் பயன் உண்டா என்ற கேள்விக்கு வயதைப் பொறுத்தே பதில் சொல்ல முடியும். அமெரிக்க உளவியலாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்ட கட்டுரைப்படி, மேல்வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் தெளிவான தொடர்பு தெரிகிறது. தொடக்க வகுப்புகளில் அது மிகவும் பலவீனம். அந்த வயதில் சுமை பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது. வாட்ஸ்அப் குழுவில் வரும் பட்டியலைப் பார்த்து, நாலுகோடு நோட்டில் குழந்தையின் கையைப் பிடித்து எழுதவைப்பவர் அவர். ஆங்கிலம் படிக்காத வீடுகளில் ஒன்றாம் வகுப்பிலேயே டியூஷன் தேட வேண்டியிருக்கிறது. இது நியாயமில்லை.

தொடக்க வகுப்புகளுக்கு எழுத்து வேலை வேண்டாம், வீட்டுச் சூழலை ஆராயும் செயல்கள் போதும் என்று, பாடச்சுமையை ஆராய மத்திய அரசு அமைத்த யஷ்பால் குழு 1993இலேயே பரிந்துரைத்தது. சிபிஎஸ்இ பள்ளிகளில் 1, 2ஆம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் உத்தரவிட்டார். மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் புத்தகப்பைக் கொள்கையும் அந்த இரு வகுப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. 3 முதல் 5ஆம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரம், 6 முதல் 8 வரை நாளுக்கு 1 மணி நேரம், அதற்கு மேல் நாளுக்கு 2 மணி நேரம் என்பது அதன் வரம்பு.

இந்த வரம்பு மீறப்படுவது பெரும்பாலும் பாட ஆசிரியர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாததால்தான். ஐந்து பேர் ஆளுக்கு அரை மணி நேர வேலை கொடுத்தாலே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். எந்தக் கிழமையில் எந்தப் பாடம் என்று கால அட்டவணையிலேயே பிரித்துவிட்டால் இந்த நெரிசல் குறையும்.