யாருடைய படம் அது? 'ஸ்னிஃபின் க்ளூ' இதழும் அதன் ஆசிரியர்களும்

பங்க் இசை இயக்கம் பற்றிய ஆய்வுகளில் அதிகம் எடுத்தாளப்படும் நூல்களுள் ஒன்று டிக் ஹெப்டிஜ் எழுதிய 'சப்கல்ச்சர்: தி மீனிங் ஆஃப் ஸ்டைல்' (1979). கிட்டாரில் மூன்று கார்ட்ஸ் பிடிக்கும் விதத்தை வரைந்து காட்டி, நீயே ஓர் இசைக்குழு தொடங்கு என்று தூண்டும் புகழ்பெற்ற படத்தை அந்நூல் லண்டனின் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பங்க் ரசிகர் இதழின் கணக்கில் எழுதிவிட்டது. படம் வந்தது 1977 தொடக்கத்தில், 'சைட்பர்ன்ஸ்' என்ற வேறோர் இதழில். பின்னால் எழுதிய பலரும் ஹெப்டிஜ் சொன்னதையே சொன்னார்கள். சின்னத் தகவல் பிழை என்று இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. பல கைகள் செய்த வேலையை ஒரே இதழின் சாதனையாகச் சுருக்கினால், அந்த இதழின் ஆசிரியர்கள் எதற்காகப் பாடுபட்டார்களோ அதுவே மறைந்துபோகும்.

தென்கிழக்கு லண்டனின் டெப்ட்ஃபர்டைச் சேர்ந்த மார்க் பெர்ரி, வங்கியில் எழுத்தர். ராமோன்ஸ் குழுவின் பாடல் ஒன்றிலிருந்து பெயரை எடுத்து, 1976 ஜூலையில் 'ஸ்னிஃபின் க்ளூ'வின் முதல் இதழைக் கொண்டுவந்தார். சுமார் 50 பிரதிகள். கட்டுரைகள் தட்டச்சில் இருக்கும், தலைப்புகள் தடித்த ஃபெல்ட் பேனாவால் கையெழுத்தில் இருக்கும். தப்பாக அடித்த சொல்லை அடித்துவிட்டு மேலே எழுதிக்கொண்டு போவார்கள். அடித்த கோடும் சேர்ந்தே ஜெராக்ஸில் விழும். திருத்தப்படாத இந்தப் பிழைகளில் ஹெப்டிஜ் அவசரத்தைக் கண்டார். வடிவமைப்பு ஆய்வாளர்கள் தனிப் பாணியைக் கண்டார்கள். இரண்டும் சரியே. ஆனால் வாசகர் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அது எப்படித் தயாரானது என்பது முழுக்கப் புலப்படும். தட்டச்சுப் பொறி, பேனா, ஏதோவொரு அலுவலகத்தின் ஜெராக்ஸ் இயந்திரம்: எல்லாமே வாசகர் கைக்கும் எட்டக்கூடியவை.

வாசகரும் இதழ் நடத்தலாம் என்பதைப் பெர்ரி வெளிப்படையாகவே சொன்னார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டோனி டிரேட்டன் 'ஸ்னிஃபின் க்ளூ'வில் எழுத விரும்பியபோது, நீயே தனியாக ஒன்று தொடங்கு என்றார். அப்படிப் பிறந்ததுதான் 'ரிப்டு அண்ட் டோர்ன்'. எழுதத் தெரிந்த ஓர் ஆளைத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளாமல் அனுப்பிவைக்கும் ஆசிரியர் அபூர்வம்.

இணையாசிரியராக இருந்து எழுதிய டேனி பேக்கரைப் பற்றி ஆய்வுகள் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம். பெர்ரி 'ஆல்டர்னேட்டிவ் டிவி' என்ற குழுவைத் தொடங்கிப் பாடப் போனபோது இதழைச் சுமந்தவர்களில் பேக்கர் முக்கியமானவர். 1977 ஆகஸ்டில் எல்விஸ் பிரெஸ்லி இறந்த செய்தி வந்த இரவு, லண்டனின் வோர்டெக்ஸ் என்ற பங்க் கிளப்பில் கூடியிருந்தவர்கள் ஆரவாரம் செய்தார்கள். பேக்கர் மேடையேறி அவர்களைக் கண்டித்தார். அவருடைய இதழை வாங்கிப் படிக்கக்கூடிய கூட்டம்தான் அது. கூட்டத்துக்குள் ஒருவராக நின்றபடியே அதோடு முரண்படும் உரிமையை இந்த ஆசிரியர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பங்க் இதழ்களைக் கூட்டத்தின் நேரடிக் குரலாக மட்டும் படிக்கும் ஆய்வில் இந்தக் கண்டிப்புக்கு இடமே இல்லை.

விற்பனை ஆயிரக்கணக்கில் ஏறியிருந்த நிலையில், அதே 1977இல் பன்னிரண்டாம் இதழோடு நிறுத்திவிட்டார்கள். கடைசி இதழோடு பெர்ரியின் குழு பாடிய ஃப்ளெக்ஸி எனப்படும் மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு ஒன்று இலவசமாகப் போனது. தன் குழுவுக்கு விளம்பரம் தேடிக்கொண்டு பெர்ரி விலகினார் என்று இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அந்த ஆசையும் இருந்திருக்கும். ஆனால் நன்றாக விற்கும் இதழை வேறொருவருக்கு விற்கவோ, குழுவின் விளம்பர ஏடாகத் தொடர்ந்து நடத்தவோ வழியிருந்தும் அவர்கள் அதை மூடினார்கள். வாசகர்கள் அதற்குள் தாங்களே இதழ் நடத்தத் தொடங்கியிருந்தார்கள்.