தண்டி வரை ஒரு சைக்கிள்

வதோதராவுக்கு மாற்றலாகி வந்து பதினோரு வருடம் ஓடிவிட்டது. நாற்பது தாண்டியதும் டாக்டர் சர்க்கரை என்றார், நான் சைக்கிள் வாங்கினேன். கியர் வைத்தது. (விலையைச் சொன்னால் என் அப்பா மேலேயிருந்து இறங்கி வந்து அடிப்பார்.) ஊரைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போன ஒரு நாளில்தான் தோன்றியது: காந்தி நடந்தே போன வழி நம் வாசலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. சக்கரம் உள்ள நாம் ஏன் போகக்கூடாது?

2023 ஜனவரியில் ஆரம்பித்தேன். இரண்டாம் சனி, நாலாம் சனி, அதையொட்டிய ஞாயிறுகள் என்று பாங்கிக்காரனுக்குக் கிடைக்கும் விடுமுறைகளில், மூன்று தவணையாக முடித்தேன். நான் பி.காம். படித்தவன், சரித்திரம் படித்தவன் இல்லை. ஆனால் வழி நெடுக எனக்குக் கிடைத்ததெல்லாம் கணக்குகள்தான்.

முதல் கணக்கு, காந்தி 1930 மார்ச் 2-ல் வைஸ்ராய் இர்வினுக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது. வைஸ்ராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 700 ரூபாய்க்கு மேல். சராசரி இந்தியனின் வருமானம் நாளொன்றுக்கு இரண்டு அணாவுக்கும் குறைவு. நான் போட்டுப் பார்த்தேன். 700 ரூபாய் என்பது 11,200 அணா. இரண்டால் வகுத்தால் 5,600. ஐயாயிரம் மடங்குக்கு மேல் என்று அவர் எழுதியது சரிதான்.

மார்ச் 12 காலை 78 பேருடன் சபர்மதி ஆசிரமத்திலிருந்து கிளம்பினார். வயது அறுபது. மொத்தம் 241 மைல், நம் கணக்கில் சுமார் 387 கிலோமீட்டர். நடக்க முடியாமல் போனால் ஏறிக்கொள்ள ஒரு குதிரை கூடவே வந்தது. அவர் ஏறவில்லை. ஏப்ரல் 5-ல் தண்டி போய்ச் சேர்ந்தார். நடுவே திங்கட்கிழமைகளில் மட்டும் ஓய்வு.

குஜராத் வித்யாபீட மாணவர்கள் ஒரு குழுவாக அவருக்கு முன்னால் ஊர் ஊராகப் போனார்கள். அருண் துகடி என்று அந்தக் குழுவுக்குப் பெயர். தங்க இடம் பார்ப்பது மட்டும் அவர்கள் வேலையில்லை. அந்த ஊரில் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை ராட்டை, எத்தனை மாடு, நிலவரி எவ்வளவு, உப்பு எவ்வளவு செலவாகிறது என்று விவரம் எடுத்து வைக்க வேண்டும். மாலைக் கூட்டத்தில் காந்தி அந்த ஊரின் கணக்கை வைத்தே பேசுவார். கிராமக் கிளையில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும், இதைவிட நல்ல சர்வே கிடையாது.

இனி வழி. அகமதாபாத்தை விட்டு வெளியேறுவதுதான் ஒரே கஷ்டம். அஸ்லாலி வரை லாரிப் புகை. மாத்தர் தாண்டினால் நடியாத், ஆனந்த் எல்லாம் சரோதர் சமவெளி. இருபுறமும் புகையிலை, நடுநடுவே வாழை. மேடு பள்ளமே இல்லை. ஒரே எதிரி சீமைக்கருவேல முள். நம்மூரில் டியூபைக் கிழிக்கும் அதே சனியன் இங்கேயும் உண்டு. பஞ்சர் சாமான் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

போர்சத் தாண்டி ராஸ் என்ற ஊர். யாத்திரை கிளம்புவதற்கு ஐந்து நாள் முன்பே, மார்ச் 7-ல், வல்லபபாய் படேலைக் கைது செய்தது இங்கேதான். பிறகு இந்த வட்டாரத்து விவசாயிகள் நிலவரி கட்ட மறுத்தார்கள். நிலம் பறிபோனது. பல குடும்பங்கள் மாடு கன்றோடு பக்கத்திலிருந்த பரோடா சமஸ்தான எல்லைக்குள் குடிபெயர்ந்தன. ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது வெறும் தகவல் இல்லை. நாமாவது சம்பளத்துக்காக வந்தவர்கள்.

ராஸுக்குப் பிறகு கங்காபுரா. மஹி ஆறு இங்கே கடலோடு பேசிக்கொண்டிருக்கும். காம்பே வளைகுடாவின் ஏற்ற இறக்கம் பிரசித்தம். 19-ஆம் தேதி ராத்திரி தண்ணீர் ஏறுவதற்குக் காத்திருந்து படகில் கடந்தார்கள், மிச்ச தூரம் முழங்கால் சேற்றில் நடை. சைக்கிளோடு அதெல்லாம் நடக்காது. நான் சுற்றிக்கொண்டு கம்பீரா பாலம் வழியாகப் போனேன். 1985-ல் திறந்த அந்தப் பாலத்தின் ஒரு பகுதி 2025 ஜூலை 9-ல் இடிந்து விழுந்து பலர் இறந்தார்கள். நான் நின்று போட்டோ எடுத்த பாலம். இனி போகிறவர்கள் எந்த வழி திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஆற்றுக்குத் தெற்கே மண்ணே மாறிவிடும். கரிசல், பருத்தி. ஜம்புசர், ஆமோத் வரை பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்தால் அதிகம். ஜம்புசரில்தான் மோதிலாலும் ஜவாஹர்லாலும் வந்து காந்தியைப் பார்த்தார்கள். கரேலி பக்கம் டீ வாங்கிக் கொடுத்த ஒரு பெரியவர், "எங்கேயிருந்து?" என்றார். "தமிழ்நாடு, காகா" என்றேன். "அங்கேயிருந்து சைக்கிளிலேயா!" என்று காசு வாங்க மறுத்துவிட்டார். திருத்திச் சொல்லப் பத்து நிமிடம் ஆனது. அதற்குப் பிறகும் வாங்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதுவரை ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. என் பையைச் சுமந்துகொண்டு நான் வரவில்லை. எங்கள் கிளையில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் ஒரு பையன், என் துணிமணி, தண்ணீர் பாட்டில், உலர்ந்த பழம் எல்லாவற்றோடும் ஸ்கூட்டரில் பின்னால் வந்துகொண்டிருந்தான். "வர்றியாப்பா?" என்று கேட்டிருந்தேன். ஆபீசர் கேட்டால் மாட்டேன் என்பானா? அவனுக்கும் அது விடுமுறை நாள்தானே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பரூச்சில் தங்கிய இரவு, மறுநாள் வரப்போகும் ஊர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். பட்காம், மார்ச் 29. அன்று காந்தி பேசியது வைஸ்ராயைப் பற்றி இல்லை, தன் ஆட்களைப் பற்றி. யாத்திரைக்காக சூரத்திலிருந்து மோட்டாரில் பால் வந்திருந்தது. இரவு நடைக்கு வெளிச்சம் வேண்டும் என்று கனமான கிட்சன் விளக்கை ஒரு கூலியாள் தலையில் ஏற்றி, வேகமாக நட என்று விரட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக் காந்தி கூனிக் குறுகிப்போனார். ஏழையின் பெயரைச் சொல்லி நடக்கும் நாமே சராசரி வருமானத்தைப் போல் ஐம்பது மடங்கு செலவு வைத்தால், வைஸ்ராய் சம்பளத்தைக் கேட்க நமக்கு என்ன உரிமை என்று எல்லார் முன்னாலும் கேட்டார். வெளித்தணிக்கைக்கு முன்னால் உள்தணிக்கை!

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பையனிடம் இரண்டு நாள் கூலியைக் கொடுத்து, நீ வீட்டுக்குப் போ என்றேன். "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா சார்?" என்று கேட்டான். தப்பு யாருடையது என்று அவனுக்குச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. டிராஃபிக் என்று ஏதோ சொல்லி அனுப்பினேன். பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு அங்கலேஷ்வர் நோக்கி மிதித்தேன். முதுகு விண்டுபோனது உண்மை.

தண்டியில் ஏப்ரல் 5 இரவு காந்தி தங்கிய சைஃபி வில்லா, போஹ்ரா சமூகத் தலைவருடைய வீடு. மறுநாள் காலை கடலில் குளித்துவிட்டுப் பிடி உப்பை எடுத்தார். 2019 ஜனவரி 30-ல் திறந்த தேசிய நினைவகம் இப்போது அங்கே இருக்கிறது. கூட்டம் எல்லாம் அங்கேதான். சற்றுத் தள்ளியிருக்கும் கராடிக்கு யாரும் போவதில்லை. மே 4 நள்ளிரவில் ஓலைக் குடிசையில் தூங்கிக்கொண்டிருந்தவரைக் கைது செய்தது கராடியில்தான். மறக்காமல் போய்வாருங்கள்.

வீட்டுக்கு வந்து போட்டோக்களைக் காட்டியபோது, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கேட்டாள்: "அப்பா, நம்ம ஊர்க்காரங்க அப்ப என்ன பண்ணாங்க?" இங்கேயே வளர்ந்த பெண். தண்டி அவளுக்கு ஸ்கூல் டூர். வேதாரண்யம் என்று ஒரு பெயரை நான் அதுவரை அவளிடம் சொன்னதே இல்லை. எனக்கோ சொந்த ஊர் திருத்துறைப்பூண்டி!

உட்காரவைத்துச் சொன்னேன். 1930 ஏப்ரல் 13-ல் ராஜாஜி சுமார் நூறு பேருடன் திருச்சியிலிருந்து கிளம்பியதை. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, நம்ம திருத்துறைப்பூண்டி வழியாக 150 மைல். சோறு போட்டால் ஜெயில் என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் மிரட்டியதும், ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டதை. வேதாரண்யத்தில் எல்லாவற்றையும் இழந்த வேதரத்தினம் பிள்ளையை. சவரத்துக்கு உட்கார்ந்தவன் போலீஸ்காரன் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு கத்தியைக் கீழே வைத்த வைரப்பனை. ஏப்ரல் 30-ல் உப்பெடுத்த ராஜாஜி கைதானதை. பாதி முகத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மரக்கிளையில் சோறு என்றதும் சிரிக்கவில்லை. "யாரு கட்டினாங்கன்னு பேர் தெரியுமா?" என்றாள். தெரியாது. அந்த வழியில் சைக்கிளிலேயே வாழ்ந்த என் அப்பாவிடம் கேட்டிருந்தால் ஒன்றிரண்டு பெயராவது கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை.

அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது, திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வரை அவளும் நானும் சைக்கிளில் போவதாகப் பேச்சு. வழியில் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவளே கேட்பாளாம். அவரவர் பையை அவரவர் சுமக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. டெல்டாப் பக்கத்து ஆட்கள் யாராவது வருகிறீர்களா?