மூன்று தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்'

பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அப்பீலை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். ஆனால் சென்னை பிராட்வே தியேட்டரைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.

1944 அக்டோபர் 16, தீபாவளி. அன்று அங்கே வெளியான 'ஹரிதாஸ்', 1945, 1946 தீபாவளிகளையும் அதே கொட்டகையில் கண்டது. படத்தின் நாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் வெளியில் இருந்து கொண்டாடியது முதல் தீபாவளியை மட்டும்தான். லட்சுமிகாந்தன் வழக்கில் சிக்கி, மற்ற இரண்டையும் சிறையில் கழித்தார்.

படம் தொடங்கியதும் குதிரை மேல் பாடிக்கொண்டு வருவாரே, அந்த முகத்தைப் பாருங்கள்! கழுத்தில் புரளும் கிராப்பு, உலகமே தன்னுடையது என்கிற சிரிப்பு. அந்த ஹரிதாஸ் பெற்றோரை விரட்டுகிறான், ரம்பாவிடம் சொத்தை இழக்கிறான், முனிவரை அவமதித்துக் கால்களையும் இழக்கிறான். திருந்தித் தாய் தந்தை காலடியில் விழுந்ததும் கால்கள் திரும்பி வருகின்றன. திரையில் தினமும் பாகவதர் எல்லாவற்றையும் இழந்து மீட்டார். கைதி பாகவதருக்கு அந்த வரம் கிடைக்கவில்லை.

லட்சுமிகாந்தனின் அவதூறு எழுத்தை நான் மன்னிக்கமாட்டேன். அதற்காக ரிக்‌ஷாவில் போனவரைக் கத்தியால் குத்தியது நியாயமாகிவிடாது. ஆனால் அந்த வழக்குதான் பாகவதரின் புகழை அழித்தது என்பதை நான் ஏற்கவில்லை. சிறைக் கறையை ஜனங்கள் வெறுத்திருந்தால், 'ஹரிதாஸ்' இரண்டே வாரத்தில் பெட்டிக்குள் போயிருக்கும். உடன் சிறை சென்ற கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் வெளியே வந்தபின் மக்கள் கைவிடவில்லை.

1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. 1948-இல் பாகவதரின் 'ராஜமுக்தி' வந்தது, எம்.ஜி.ஆர். அதில் துணை வேடம். படம் ஓடவில்லை. 'அமரகவி', 'சியாமளா' வந்த அதே 1952-இல்தான் 'பராசக்தி'யும் வந்தது. பாட்டுக்காகக் கொட்டகைக்குப் போன கூட்டம் வசனத்துக்காகப் போகத் தொடங்கியிருந்தது. ஜனங்கள் உயிரை விட்டது 1944-ஆம் வருஷத்துப் பாகவதர் மேல். அவர் பிராட்வே திரையிலேயே தங்கிவிட்டார். சிறையிலிருந்து வந்தவரை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

1959 நவம்பர் 1 அன்று சென்னை பொது மருத்துவமனையில் பாகவதர் காலமானார். வயது 49. அவருடைய கடைசிப் படமான 'சிவகாமி', 1960-இல், அவர் இல்லாமலே திரைக்கு வந்தது.

(தொடரும்)